பதின்மூன்று போல்ட்

பாரகா
28 செப்டம்பர் 1992

அன்புள்ள ரெய்னோ,

என் தங்கை ஐலியைக் கட்டிய பாவத்துக்கு நீ எனக்கும் சொந்தக்காரன் ஆகிவிட்டாய். அதனால்தான் போலீஸுக்கு எழுதாமல் முதலில் உனக்கு எழுதுகிறேன். போனில் கேட்டால் "லைன் சரியில்ல லெம்பி" என்று வைத்துவிடுகிறாய். நேரில் வரலாமென்றால் நூறு மைல் வர வண்டி வேண்டும். வண்டிதான் இப்போது வழக்கே. ஆகவே எழுத்தில் இருக்கட்டும். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், ஆனால் அழியாது.

நீ பஸ்ஸில் போட்டுவிட்ட பார்சல் வந்தது. உள்ளே இருந்த கசிவு தடுக்கும் கேஸ்கட்டை எடுத்து, என் கியர்பாக்ஸின் அடியிலிருந்து கழற்றிய ஆயில் பான்மேல் வைத்துப் பார்த்தேன். பான் ஒரு பக்கம் போகிறது, கேஸ்கட் ஒரு பக்கம் போகிறது. உன்னையும் ஐலியையும் கல்யாணப் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. கூட அனுப்பிய கிளட்ச் தட்டுகளுக்காகக் கியர்பாக்ஸைக் கழற்றவே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த எழுபத்தாறாம் வருஷத்து முக்கால் டன் டிரக்கை என் தலையில் கட்டினாயே, அன்றைக்கு நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "லெம்பி, இது நானூறு மாடல் கியர்பாக்ஸ், பெரிசு. சின்ன முந்நூத்தைம்பது இல்ல. பனி தள்ளும்போது முன்னும் பின்னும் போட்டு நொறுக்கினாலும் அசையாது." அசைந்துவிட்டது ரெய்னோ. ரிவர்ஸ் போட்டால் யோசிக்கிறது. யோசித்து முடித்து, வேண்டாம் என்கிறது.

நீ நானூறு என்றாய், நானூறுக்குச் சாமான் கேட்டேன், நானூறுக்குச் சாமான் அனுப்பினாய். கேஸ்கட்டே பொருந்தவில்லை. இதில் பொய் சொல்வது சாமானா, நீயா?

நவம்பர் இரண்டாம் தேதி திங்கட்கிழமை பள்ளிக்கூடக் குழு கூடுகிறது. அன்றைக்கு அவர்கள் கண்முன்னால் வண்டி ஓட வேண்டும். ஓடாவிட்டால் பள்ளிக்கூடத்து முற்றத்தில் பனி தள்ளும் வேலை, இதே ஊரில் இதே தொழில் செய்யும் சூலோ கண்டோலாவுக்குப் போகும். என் புருஷன் வைனோ செத்ததிலிருந்து ஆறு குளிர்காலம் அந்த வேலைதான் என் வயிற்றைக் கழுவுகிறது.

பதில் போடு. ஐலிக்கு முத்தம். உனக்கு இல்லை.

லெம்பி


ஐயன் ரிவர்
1 அக்டோபர் 1992

லெம்பி,

கடிதம் கிடைத்தது. கல்யாணப் படத்தைப் பற்றிய வரியை ஐலிக்குப் படித்துக் காட்டவில்லை.

நான் விற்றது நானூறு. நோட்டில் எழுதியிருக்கிறேன். நாற்பது வருஷமாகப் பழைய வண்டிக் கிடங்கு நடத்துகிறேன். மூன்று மாவட்டத்து ஆட்கள் "ரெய்னோ சொன்னாரா? அப்ப சரி" என்று சாமான் வாங்கிப் போகிறார்கள். எனக்குக் கியர்பாக்ஸ் அடையாளம் தெரியாது என்று எழுதிய முதல் ஆள் நீ.

பான் போல்ட்டை எண்ணினாயா? பதின்மூன்று இருந்திருக்கும். எண்ணிவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாய். நானூறுக்கும் பதின்மூன்று, முந்நூற்றைம்பதுக்கும் பதின்மூன்று. எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாம் மெக்கானிக் ஆகிவிட முடியாது. வடிவத்தைப் பார்க்க வேண்டும். பானை ஓர் அட்டைமேல் கவிழ்த்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு.

ஐலி நலம். முட்டிவலி எனக்கு முன்னைப்போலவே.

ரெய்னோ


பாரகா
5 அக்டோபர் 1992

மூன்று மாவட்டத்து மகாராஜா ரெய்னோவுக்கு,

அட்டையை நாலாய் மடித்து வைத்திருக்கிறேன். விரித்துப் பார். துணி துவைக்கும் எந்திரம் வந்த பெட்டி. அதனால் ஓர் ஓரத்தில் "இப்பக்கம் மேலே" என்று அச்சடித்திருக்கும். அது கியர்பாக்ஸைப் பற்றியது அல்ல, குழம்பாதே.

சதுரமாக இருக்கிறது. பின்பக்கத்து மூலை ஒன்று மட்டும் கத்தரித்தாற்போல் இருக்கிறது. நீ அனுப்பிய கேஸ்கட்டோ யாரோ கடித்து வைத்த ரொட்டி மாதிரி கோணல்மாணலாக இருக்கிறது. போல்ட் பதின்மூன்று. நீ சொன்னபடி, எண்ணிவிட்டு நான் மெக்கானிக் ஆகவில்லை.

இன்று காலை ஜன்னலில் முதல் உறைபனி. சுரண்டிப் பார்த்தேன், விரல் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. தேதி நெருங்குகிறது.

லெம்பி


ஐயன் ரிவர்
8 அக்டோபர் 1992

லெம்பி,

அட்டை வந்தது. நீ வரைந்திருப்பது முந்நூற்றைம்பது. சந்தேகமில்லை.

நான் விற்றது நானூறு. ஆகவே நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். நல்லதைக் கழற்றிக்கொண்டு சின்னதை மாட்டிவிட்டிருக்கிறார்கள். பனி தள்ளும் ஆட்களுக்கு நானூறு என்றால் நாக்கில் எச்சில் ஊறும், உனக்கே தெரியும்.

மூன்று வருஷத்தில் வண்டி யார் கையில் இருந்தது? நீ பக்கத்தில் இல்லாமல் யார் அதை வைத்திருந்தார்கள்? நன்றாக யோசித்து எழுது. என் கிடங்கிலிருந்து போகும் கியர்பாக்ஸில் மஞ்சள் பெயின்ட் கோடு ஒன்று போடுவது என் வழக்கம். இருக்கிறதா பார்.

ரெய்னோ


பாரகா
11 அக்டோபர் 1992

ரெய்னோ,

மஞ்சள் கோடு இல்லை. டார்ச் அடித்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மல்லாந்து படுத்துத் தேடினேன். மூக்கில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தது, அவ்வளவுதான் கிடைத்தது.

வண்டி என் கையை விட்டுப் போனது ஒரே தடவை. ஏப்ரலில் எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்தார்களே, அப்போது. இரண்டு வாரம். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் உடைந்து கிடந்தது, நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது மாற்றிவைக்கச் சொல்லி வண்டியை ஒருவன் கொட்டகையில் விட்டேன். அந்த ஒருவன் சூலோ.

அவனிடமும் இதே மாதிரி எழுபத்தாறாம் வருஷத்து வண்டிதான். போன குளிர்காலம் அது கிழட்டுப் பசு மாதிரி முனகியது. இந்த வருஷம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. எனக்கு இதெல்லாம் தோன்றியதே இல்லை ரெய்னோ. நீ எழுதிய பிறகுதான் அவன் வண்டிச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்கிறேன். அவன் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னால்கூட, எதை மறைக்கத் தூக்குகிறான் என்று பார்க்கிறேன். வைனோவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த நாலு பேரில் ஒருவன் அவன்.

இன்னொரு தப்பும் செய்துவிட்டேன். இன்று தேவாலயத்தில் காப்பி ஊற்றும்போது இம்பியிடம், "சூலோ வண்டி திடீர்னு எப்படி இவ்ளோ நல்லா ஓடுது?" என்று வாய்விட்டுவிட்டேன். அவள் கண் இரண்டும் சாஸர் ஆகிவிட்டன. இம்பியிடம் சொன்னால் தந்தி தேவையில்லை.

கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம். என்ன செய்யட்டும்?

லெம்பி


ஐயன் ரிவர்
14 அக்டோபர் 1992

லெம்பி,

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. நீதான் சொன்னாய்.

கியர்பாக்ஸின் இடப்பக்கம், பானுக்குச் சற்று மேலே, ஓர் எண் அடித்திருக்கும். அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பதிந்துவிடும், பிள்ளைகள் காசின்மேல் தேய்ப்பது போல. சூலோவின் வண்டியில் தேய்த்து எனக்கு அனுப்பு. பானின் வடிவத்தையும் பார். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவனிடம் எதுவும் கேட்காதே.

ரெய்னோ


பாரகா
18 அக்டோபர் 1992

ரெய்னோ,

உட்கார்ந்துகொண்டு படி. முட்டியை நீட்டிக்கொள்.

நேற்றுத் தேவாலயத்துக் குளிர்கால விற்பனை. நான் வழக்கம்போல மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துப் பேஸ்டி சுட்டுக்கொண்டு போயிருந்தேன். சூலோ வண்டியை வாசலுக்கு நேரே நிறுத்திவிட்டு உள்ளே காப்பிக்குப் போனான். ஒரு பேஸ்டியைக் கையில் எடுத்தேன், அது கை நழுவியது, நான் அதைத் தேடி அவன் வண்டிக்கு அடியில் போனேன். ஐம்பத்துநாலு வயதில், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு. பாட்டு அச்சடித்த தாளும் பென்சிலும் கோட்டுப் பைக்குள்.

பான் நானூறுதான். கடித்த ரொட்டி. தாளை வைத்துத் தேய்த்தேன். அப்போது என் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது.

"லெம்பி, கீழதான் இருக்கியா?"

"பேஸ்டி உருண்டு வந்துடுச்சு சூலோ."

"வட்டமா இருந்தா உருளும். நீ சுடறது அரை நிலாவாச்சே."

"சரிவு."

"இந்த எடத்துலயா?" பூட்ஸ் நுனியால் தரையைத் தட்டிப் பார்த்தான். பிறகு, "சரி, இருக்கறதே இருக்க, அப்படியே ஆயில் ஒழுகுதான்னு பாத்துடு" என்றான்.

ஒழுகவில்லை என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். பென்சில் காதில் இருந்தது, எடுக்க மறந்துவிட்டேன். அவன் அதைப் பார்த்தான், தாளைப் பார்த்தான்.

"நம்பர் வேணும்னா கேட்டா தரமாட்டேனா? பத்திரத்துலயே இருக்கே. வண்டிக்கு என்ன நம்பரோ, அதோட கடைசி ஆறத்தான் கம்பெனிக்காரன் கியர்பாக்ஸ் மேலயும் அடிப்பான். கூடப் பொறந்ததா, வந்து ஒட்டினதான்னு அப்படித்தான் தெரியும்." முன் டிராயரைத் திறந்து வண்டிப் பத்திரத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். தாளில் தேய்த்ததோடு வைத்துப் பார்த்தேன், ஆறு எண்ணும் ஒன்றுபோல இருந்தன. அவன் கியர்பாக்ஸ் அவன் வண்டியோடு பிறந்தது. கோடையில் உள்ளே பிரித்து எல்லாம் புதிதாகப் போட்டானாம், அதனால்தான் வழுக்குகிறது. அந்தப் பேஸ்டியை அவனிடமே கொடுத்துவிட்டேன். மண்ணைத் தட்டிவிட்டுத் தின்றான்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் என் வண்டிக்கு அடியில் போனேன். தேய்த்தேன். பிறகு தகர டப்பாவிலிருந்து என் பத்திரத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

இரண்டு தேய்ப்பும் இதோடு இருக்கின்றன. என் பத்திரத்திலிருந்த எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். மூன்று தடவை சரிபார்த்தேன். என் முந்நூற்றைம்பதும் வண்டியோடு பிறந்ததுதான் ரெய்னோ. யாரும் மாற்றவில்லை. ஏப்ரலிலும் இல்லை, எப்போதும் இல்லை.

இன்னொன்று. முந்நூற்றைம்பதுக்குக் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் இறங்குகிறது. நானூறுக்கு அது கிடையாது, அதற்கு மின்சார ஒயர். சூலோவுடையதில் ஒயரைப் பார்த்தேன். என் கேபிளில் பதினாறு வருஷத்துத் துரு. திருடன் சின்ன கியர்பாக்ஸை மாட்டிவிட்டு, கூடவே பதினாறு வருஷத்துத் துருவையும் பூசிவிட்டுப் போனானா?

இப்போது ஒரே கேள்வி. சூலோ வண்டி எண்ணைத் தேய்க்கச் சொன்னாய். அதுபோல ஓர் எண் என் வண்டியிலும் இருக்குமே. அதை ஏன் கேட்கவில்லை?

லெம்பி


பாரகா
26 அக்டோபர் 1992

ரெய்னோ,

எட்டு நாள். ஐயன் ரிவரில் தபால்பெட்டிக்கும் முட்டிவலியா?

கூட்டம் அடுத்த திங்கட்கிழமை. நேற்றுக் கடையில் ஒருத்தன் சூலோவிடம், "என்னப்பா, வண்டி பிரமாதமா ஓடுதாம்ல? யாரோட கியர்பாக்ஸு?" என்று கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். சூலோவும் சிரித்தான், காது மட்டும் சிவந்துபோயிற்று. அது என் வாயிலிருந்து போனது. என் வாய்க்குள் அதைப் போட்டது நீ.

முந்நூற்றைம்பதுக்கு உண்டான சாமான் வேண்டும். விளக்கமும் வேண்டும். சாமான் முதலில் வரட்டும்.

லெம்பி


ஐயன் ரிவர்
29 அக்டோபர் 1992

லெம்பி,

சாமான் இன்றைக்குப் பஸ்ஸில் வருகிறது. முந்நூற்றைம்பது. தட்டு, சீல், கேஸ்கட், எல்லாம். கையெழுத்துப் போடும்முன் கேஸ்கட்டை வைத்துப் பார்ப்பாய் என்று தெரியும். பார்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து உள்ளே வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான். "76, முக்கால் டன், 13 போல்ட், 400." நீ வாங்க வந்த அன்று பிப்ரவரி. வண்டி அச்சுவரை பனியில் புதைந்து கிடந்தது. அடியில் பார்க்க வேண்டுமென்றால் பனியைத் தோண்டி மல்லாந்து படுக்க வேண்டும். முட்டி மடங்கவில்லை. கையுறையைக் கழற்றி, கையை மட்டும் அடியில் விட்டுத் தடவி எண்ணினேன். பதின்மூன்று வந்தது. முக்கால் டன் வண்டி, நானூறாகத்தான் இருக்கும் என்று எழுதினேன். வடிவத்தைப் பார்க்கவில்லை.

உன் அட்டையை விரித்த அன்றே தெரிந்துவிட்டது. ஐலி பக்கத்தில் நின்றாள். "என்ன, மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாம் மெக்கானிக் இல்லை என்று உனக்கு எழுதி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று கிடங்கில் ஆட்கள் இருந்தார்கள். மறுநாளும் இருந்தார்கள். யாரோ மாற்றியிருப்பார்கள் என்று எழுதினால் நீ கொஞ்சநாள் தேடிவிட்டு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ ஒரு பெயரோடு வருவாய் என்று நினைக்கவில்லை. வந்த பிறகு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மஞ்சள் கோடு தனியாகக் கழற்றி விற்கும் கியர்பாக்ஸுக்கு மட்டும்தான். முழு வண்டிக்குப் போடுவதில்லை. அதையும் தெரிந்தேதான் எழுதினேன்.

உன் எண்ணை ஏன் கேட்கவில்லை என்று உனக்கே தெரியும்.

ரெய்னோ


பாரகா
8 நவம்பர் 1992

ரெய்னோ,

சாமான் வெள்ளிக்கிழமை வந்தது. பஸ்காரன் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து, கேஸ்கட்டைப் பான்மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். "பத்து வருஷமா பார்சல் எறக்கறேன், ஆயில் பான் தூக்கிட்டு வந்த ஆள் நீங்கதான்" என்றான். பொருந்தியது. ஆனால் இனிமேல் உன் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிரித்துப் போட்டேன். கியர்பாக்ஸின் உள்வேலை முடிந்துவிட்டது, ஆனால் அதைத் தனியாக வண்டியில் ஏற்ற முடியவில்லை. திங்கட்கிழமை நாலு மணிக்குக் குழு வந்தபோது வண்டி கட்டைமேல் நின்றது, அதன் குடல் பெஞ்சுமேல் இருந்தது. மூன்று பேரும் சுற்றிவந்து பார்த்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார். "லெம்பி, பனி காத்திருக்காது" என்றார். பள்ளிக்கூடம் இந்த வருஷம் சூலோவுக்கு. கொடுத்தார்கள், அவன் வாங்கிக்கொண்டான். வாங்க வேண்டியதுதான். எனக்குத் தேவாலயமும் மருத்துவமனையும் ஒன்பது வீட்டுப் பாதையும் மிச்சம். பட்டினி இல்லை. மாட்டிறைச்சி குறையும், உருளைக்கிழங்கு கூடும்.

நீ அக்டோபர் எட்டாம் தேதியே உண்மையை எழுதியிருந்தால் எனக்கு மூன்று வாரம் முழுதாக இருந்திருக்கும். கணக்கு அவ்வளவுதான், அதற்குமேல் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் சூலோ வந்தான். நான் கூப்பிடவில்லை. தன் பெரிய ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்து, "தனியா தூக்கினா இடுப்பு போயிடும்" என்றான். இருவருமாக ஏற்றினோம். கடைசிப் போல்ட்டை முறுக்கும்போது, தலையை வெளியே நீட்டாமலே கேட்டான், "லெம்பி, அன்னிக்கு என் வண்டிக்கு அடியில எதுக்குப் போன?"

"பேஸ்டி" என்றேன்.

"ம்" என்றான். அந்த அரை நிலா இன்னும் உருண்டுகொண்டே இருக்கிறது ரெய்னோ. நான் நிறுத்தியிருக்கலாம். உன்னைத் திட்டிய வாயால் அங்கே ஒன்றும் வரவில்லை. நீ நாலு தடவை கிழித்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தது என்றுதான் சொல்கிறேன், மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

வண்டி ஓடுகிறது. நேற்று நாலு அங்குலம் பனி. ரிவர்ஸ் போட்டதும் யோசிக்காமல் போனது.

இப்போது நிபந்தனை. வருகிற சனிக்கிழமை ஐலியோடு வா. அவள் ஓட்டட்டும், நீ முட்டியை நீட்டிக்கொள். சவுனா சூடாக இருக்கும், நீராவியில் குளிக்கலாம். சூலோவும் வருகிறான், சொல்லிவிட்டேன். எதற்கென்று சொல்லவில்லை. இம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன். அவள் காதில் விழுந்தால் ஊர் முழுக்க விழுந்த மாதிரி, கெட்ட செய்தி போன அதே வழியில் நல்லதும் போகட்டும். முதலில் நீ உன் பங்கைச் சொல்வாய். பிறகு நான் என் பங்கைச் சொல்வேன். அதன் பிறகுதான் சாப்பாடு. முட்டிவலி, பனி, லைன் சரியில்லை, எதுவும் செல்லாது.

பதின்மூன்று பேஸ்டி சுடப்போகிறேன். பன்னிரண்டு எல்லாருக்கும். ஒன்று மட்டும் உனக்கென்று தனியாக, ஒரு மூலையைக் கத்தரித்து வைத்திருப்பேன். கையால் தடவி எண்ணினால் அகப்படாது. இந்தத் தடவையாவது குனிந்து பார்.

லெம்பி